கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட், கிரானில் ஏன் தவறுகிறது?

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடையின் பில் கணக்கு முழுவதும் வாடகைக்கு எடுத்த உபுண்டு சர்வர் ஒன்றில், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதை நாள்தோறும் நகலெடுத்து, ஜிஜிப் என்ற நிரலால் சுருக்கி வைப்பதற்கு அவருடைய மகன் ஒரு ஸ்கிரிப்ட் (வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகளின் கோப்பு) எழுதிக் கொடுத்திருக்கிறார். கையால் ஓட்டினால் 40 எம்பி அளவில் கோப்பு கிடைக்கிறது. அதையே இரவு 2 மணிக்குத் தானாக ஓடும்படி, வேலைகளைக் குறித்த நேரத்தில் தொடங்கிவைக்கும் 'கிரான்' என்ற நிரலில் குறித்தபோது, காலை 7.30 மணிக்குத்தான் கோப்பு உருவாகிறது. அதன் அளவும் வெறும் 20 பைட். சர்வரையே மாற்றிவிட வேண்டுமா என்று கேட்கிறார்.

மாற்ற வேண்டியதில்லை. சர்வரும் கிரானும் சொன்னதைத்தான் செய்கின்றன. ஆனால் 20 பைட் கோப்பைக் கவனித்து உடனே எழுதியது மிக நல்ல காரியம். கோப்பு இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் நிம்மதியாக இருந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில் அமைக்கப்பட்டே வருகின்றன. நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஆகவே சர்வரின் 2 மணி என்பது மதுரையில் காலை 7.30 மணி. இன்று கோப்பு காலியாக இருப்பதால் கடையில் யாருக்கும் இடைஞ்சல் தெரியவில்லை. நகலெடுப்பு உண்மையிலேயே நடக்கத் தொடங்கிவிட்டால், அது முடியும்வரை தரவுத்தள அட்டவணைகள் பூட்டப்பட்டு, மல்லிகை எடை போட்டுக்கொண்டிருக்கும் வேளையில் பில் போட முடியாமல் நிற்க நேரிடும். டைம்டேட்சிடிஎல் கட்டளையைக் கொண்டு சர்வரின் நேர மண்டலத்தை 'ஆசியா/கொல்கத்தா' என்று மாற்றிவிட்டு, கிரான் சேவையை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். மறுதொடக்கம் செய்யாவிட்டால் கிரான் பழைய மண்டலத்திலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் கழித்து எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். தினசரி வேலைக்கு அது ஒத்துவரும். வாராந்திர வேலையில் கிழமையே மாறிவிடும்: நம் ஞாயிறு விடியற்காலை 2 மணி, யூடிசியில் சனிக்கிழமை இரவு 8.30.

கடையில் விடியற்காலை 3 மணிக்கே சரக்கு இறங்கிவிடும் என்று வாசகர் குறிப்பிட்டிருப்பதால், இரவு 11.30 மணியே பொருத்தமானது. 'கிரான்டேப்' கட்டளையுடன் '-இ' என்ற விருப்பத்தைக் கொடுத்து கிரானின் வேலை அட்டவணையைத் திறந்து, வரியின் தொடக்கத்தில் இப்படி எழுத வேண்டும்:

30 23 * * *

இடமிருந்து வலமாக நிமிடம், மணி, மாதத்தின் தேதி, மாதம், கிழமை. நட்சத்திரக் குறி 'ஒவ்வொன்றிலும்' என்று பொருள்படும். கிழமையில் 0, 7 இரண்டுமே ஞாயிறு. தேதி, கிழமை இரண்டிலும் எண் கொடுத்தால் இரண்டும் ஒத்துவரும் நாளில் மட்டும் ஓடும் என்று எண்ண வேண்டாம். எது வந்தாலும் ஓடும். இந்த ஐந்துக்கும் பிறகு ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தை, எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலான மூல அடைவிலிருந்து (/) தொடங்கி முழுப் பாதையாக எழுதுங்கள். இந்த வரியில் சதவீதக் குறியை வெறுமனே பயன்படுத்தினால் கிரான் அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொள்ளும்; கோப்பின் பெயரில் தேதி சேர்க்கும் பகுதியை ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இனி அந்த 20 பைட். எதுவுமே உள்ளே போகாதபோது ஜிஜிப் எழுதும் காலிப் பொட்டலத்தின் அளவு சரியாக 20 பைட்: 10 பைட் தலைப்பு, 2 பைட் வெற்று உள்ளடக்கம், 8 பைட் சரிபார்ப்பு. அதாவது, சுருக்கும் வேலை நடந்திருக்கிறது. நகலெடுக்கும் வேலை நடக்கவே இல்லை. நீங்கள் உள்நுழைந்து வேலை செய்யும்போது, எந்தெந்த அடைவுகளில் கட்டளைகளைத் தேட வேண்டும் என்ற பட்டியலை உங்கள் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் தயாராக வைத்திருக்கும். 'பாத்' எனப்படும் அந்தப் பட்டியல் கிரானில் மிகச் சுருக்கமானது. தரவுத்தளத்தைத் தனி அடைவில் நிறுவியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அந்த இடம் கிரானின் பட்டியலில் இல்லாததால் நகலெடுக்கும் டம்ப் கட்டளை அதற்கு அகப்படவில்லை. கையால் உள்நுழைந்து, 'விச்' கட்டளையால் அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஸ்கிரிப்டில் முழுப் பாதையாக எழுதினால் இது தீர்ந்துவிடும். கடவுச்சொல்லை யாராவது தட்டித் தர வேண்டிய நிலையும் இருக்கக் கூடாது. அதை உரிமை 600 (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்) கொண்ட தனிக் கோப்பில் வையுங்கள்.

ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. டம்ப் கட்டளையின் வெளியீட்டைக் குழாய் (|) வழியாக நேரே ஜிஜிப்புக்கு அனுப்பும்போது, முன்னது தோற்றாலும் பின்னது வென்றுவிட்டால் அந்த வரி வெற்றி என்றே கணக்காகிறது. முதலில் சுருக்காத கோப்பாக நகலெடுத்து, அதன் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று ஸ்கிரிப்டே பார்த்து, இருந்தால் மட்டும் சுருக்கி, இல்லாவிட்டால் பிழையோடு நின்றுவிடுமாறு எழுதச் சொல்லுங்கள். கூடவே, கிரான் வரியின் இறுதியில் >> குறியும் பதிவுக் கோப்பின் பாதையும், அதன் பிறகு 2>&1 என்பதும் இருக்கட்டும். முன்னது வெளியீட்டைப் பதிவுக் கோப்பில் சேர்க்கும்; பின்னது பிழைச் செய்திகளையும் அங்கேயே அனுப்பும். இந்த வரிசை மாறக் கூடாது. மாறினால் பிழைச் செய்திகள் பதிவுக் கோப்புக்கு வந்து சேராது. கிரான் தன் வெளியீட்டை அஞ்சலாக அனுப்பும் வழக்கமுடையது என்றாலும், அஞ்சல் மென்பொருள் நிறுவப்படாத சர்வரில் அது எறியப்பட்டுவிடும். உங்கள் சர்வரில் காரணம் தெரியாமல் போனதும் இதனால்தான் இருக்க வேண்டும்.

திருத்திய பிறகு இரவு வரை காத்திருக்க வேண்டாம். மூன்று நிமிடம் கழித்து ஓடும்படி தற்காலிகமாக நேரம் குறித்து, பதிவுக் கோப்பைத் திறந்து வைத்துப் பாருங்கள், சரியானதும் 23.30க்கு மாற்றுங்கள்.

அட்டவணையைத் திறக்கும்போது விரல் தவறி '-இ'க்குப் பதிலாக '-ஆர்' என்று தட்டிவிட்டால், மொத்த அட்டவணையும் கேள்வி கேட்காமல் அழிந்துவிடும். ஆங்கில விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகள். ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் நானே இப்படி அழித்துவிட்டு, பதினோரு வேலைகளை நினைவிலிருந்து மீண்டும் எழுதியிருக்கிறேன். '-எல்' விருப்பம் காட்டும் பட்டியலை இப்போதே ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள்.

நகல் அதே சர்வரில் கிடந்தால் சர்வரோடு சேர்ந்தே போகும்; ஒவ்வொரு இரவும் ஒரு பிரதி கடைக் கணினிக்கும் வரட்டும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை உங்கள் மகனின் மடிக்கணினியில் வெற்றுத் தரவுத்தளம் ஒன்றில் ஏற்றி, கடைசி முகூர்த்த நாளின் விற்பனைத் தொகையைக் கடையின் கைப்பேரேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் ஒப்பீட்டை இந்த வாரமே செய்துவிடுங்கள்.