பூதானே!

ஐயா,

நான் சேலத்தில் எம்.ஃபார்ம் படிக்கிறேன். ஒரு பூவின் சாறு எலிகளின் பதற்றத்தைக் குறைக்கிறதா என்பதுதான் ப்ராஜெக்ட். முடிவு நன்றாகவே வருகிறது. ஆனால் எலியைத் தூக்கும்போதெல்லாம் அது நடுங்குவது கையில் தெரிகிறது. பூ பாதுகாப்பானது என்று தெரிந்தும் இந்த ஜீவனை ஏன் வதைக்க வேண்டும்? பாவமில்லையா?

கலைவாணி

அன்புள்ள கலைவாணி,

பாவ புண்ணியக் கணக்கு எனக்கு வராது கண்ணு. நெறிக்குழு அனுமதி வாங்கித்தான் செய்வீர்கள், அதை விடுங்கள்.

‘பூ பாதுகாப்பானது என்று தெரிந்தும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எரிச்சல் வந்தது. யார் சொன்னது, வாட்ஸப்பா? பனமரத்துப்பட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள், காடு காடாக அரளி. எங்கள் அம்மா கூலிக்கு அரளி மொட்டு கட்டுவார். கூட உட்கார்ந்து கட்டிய நாங்கள் கை கழுவாமல் சோற்றுத் தட்டைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும். சாமிக்குப் போகிற மாலைதான், ஆனால் இதயத் துடிப்பையே தாறுமாறாக்கும் ஒலியாண்ட்ரின் என்ற நஞ்சு அந்தச் செடி முழுக்க இருக்கிறது. அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆடு அதில் வாய் வைக்காது என்பது தெரியும். நீங்களோ பூவை ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து, சுண்டவைத்து எலிக்குப் புகட்டுகிறீர்கள். பாட்டி தலையில் வைத்த பூவா அது? நமக்குத் தெரியாது, அதனால்தான் எலி.

சரி, முடிவு நன்றாக வருகிறது என்றால் என்ன அர்த்தம்? உயரத்தில் நிற்கும் அந்த பிளஸ் வடிவ மேடையில், ஐந்து நிமிடத்தில், எலி வழக்கமாகப் பயந்து ஒதுங்கும் சுவரில்லாத கைகளில், அதாவது மேடையின் நீண்ட பகுதிகளில், அது கூடுதல் நேரம் இருந்தது, அவ்வளவுதானே? பயம் விட்டு இருந்ததா, மயக்கத்தில் நகர மாட்டாமல் கிடந்ததா? பதற்றம் தணிக்கக் கொடுக்கும் டயஸிபாம் மருந்தே அளவு கூடினால் தூங்கவைத்துவிடும். எலி நன்றாக நடமாடியதா என்று தெரிய, சுவர் உள்ள கைகளுக்குள் எத்தனை முறை போனது என்று எண்ணினீர்களா? எண்ணியவருக்கு எந்த எலிக்குச் சாறு, எந்த எலிக்கு வெறும் தண்ணீர் என்று தெரியுமா? தெரியும் என்றால் அந்தக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். அரைகுறைச் சோதனைக்காக அந்த எலி நடுங்கியிருந்தால், பாவம் என்று நீங்கள் சொல்வதை நானும் ஒத்துக்கொள்வேன்.

அப்புறம், சோதனைக்கு முன்னால் சில நாள் சும்மா கையில் எடுத்துப் பழக்குங்கள். நடுக்கம் குறையும், எண்களும் ஓரளவு ஒழுங்காக வரும். அடுத்த கடிதத்தில் அந்தச் சுவர் உள்ள கைகளின் கணக்கை அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்க டயஸிபாம் கொடுத்த எலிகளுடையதையும் சேர்த்து.