அண்ணன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார், கனடாவில் வீட்டுக் குழாய் உறைந்தால் என்ன செய்வது?

கேள்வி: என் அண்ணன் குடும்பம் ரொறன்ரோவில் இருக்கிறது. இந்த முறை தைப்பொங்கலுக்குப் பரந்தனுக்கு வருகிறார்கள், மூன்று கிழமை வீடு பூட்டிக் கிடக்கும். போன மாசியில் அவர்களுடைய குசினிக் குழாய் உறைந்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வரவில்லையாம். அந்தப் பயத்தில் குழாய்க்குப் போடுகிற நுரை உறை, சூடேற்றும் வயர் என்று கடையில் கண்டதையெல்லாம் வாங்கப் பார்க்கிறார். ஹீற்றரை நிற்பாட்டிவிட்டு வந்தால் காசு மிச்சம் என்றும் சொல்கிறார். எதை வாங்க வேண்டும், எது வேண்டாம்? உறைந்தால் எப்படி இளக்குவது?

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக அண்ணனுக்கு இன்றைக்கே ஒரு செய்தி போடுங்கள்: ஹீற்றரை நிற்பாட்ட வேண்டாம். குறைக்கலாம், ஆனால் 13 பாகைக்குக் கீழே இறக்கக் கூடாது. மூன்று கிழமைக்கு எரிவாயுவில் மிச்சம் பிடிக்கிற காசு, ஒரு குழாய் வெடித்து நிலவறைச் சுவரும் தரையும் ஊறினால் வருகிற செலவுக்குக் கால்வாசியும் காணாது.

நாங்கள் வன்னியில் மார்கழி விடியற்காலையில் 20 பாகைக்குக் கிட்ட வந்தாலே போர்வையைத் தேடுகிற ஆட்கள், குழாய்க்குள் தண்ணீர் கல்லாவது எப்படியென்று இங்கே அநேகம் பேருக்குக் கண்ணால் கண்ட அனுபவம் இராது. ஆனால் சோடாப் போத்தலைப் பிரீசரில் வைத்து மறந்துபோன வீட்டில் அது தெரியும். தண்ணீர் உறையும்போது பருக்கும், 100 லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 109 லீற்றர் பனிக்கட்டியாகும். குழாயில் இன்னொரு விசயமும் இருக்கிறது. பனிக்கட்டி அடைத்த இடத்திலேயேதான் வெடிக்கும் என்றில்லை. அந்தக் கட்டி வளர வளர அதற்கும் பூட்டிக் கிடக்கிற பைப்புக்கும் (குழாயின் முனையில் தண்ணீரைத் திறந்து பூட்டுகிற வாய்க்கும்) நடுவில் அகப்பட்ட தண்ணீரை நெருக்குகிறது, அந்த அழுத்தம் போக வழியில்லாமல் குழாயின் பலவீனமான இடத்தைக் கிழிக்கிறது. அதனால்தான் கடும் குளிர் இரவில் பைப்பைக் கொஞ்சம் திறந்து சொட்டவிடச் சொல்கிறார்கள். சொட்டுகிற தண்ணீர் உறைவதை முழுக்கத் தடுக்காவிட்டாலும் அழுத்தம் வெளியேற வழி கிடைக்கும். வெளியே மைனஸ் 7 பாகைக்கு இறங்கினால் காப்பில்லாத குழாய்களுக்கு ஆபத்து என்று பொதுவாகக் கணக்கு வைக்கிறார்கள், ரொறன்ரோவில் தையிலும் மாசியிலும் அது சாதாரண இரவு.

சரி, மூன்று கிழமை ஆளில்லாத வீட்டுக்குச் சொட்டவிடுகிற வேலை சரிவராது. அங்கே செய்ய வேண்டியது தெருவிலிருந்து வீட்டுக்குள் தண்ணீர் வருகிற பிரதான வால்வைப் பூட்டுவது. அநேகமாக நிலவறையில், தெருப்பக்கச் சுவரில், மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும். பூட்டிய பிறகு மேல்மாடி பைப்பிலிருந்து நிலவறை பைப் வரை எல்லாவற்றையும் திறந்து தண்ணீரை வடியவிட்டு, கழிவறைத் தொட்டியையும் ஒருமுறை இழுத்துவிட வேண்டும். எரிவாயுவில் ஓடுகிற வெந்நீர்த் தாங்கியில் விடுமுறைக்கென்று ஒரு நிலை இருக்கும், அதில் வைத்துவிட்டு வரலாம். முற்றத்துப் பைப்பை மறக்க வேண்டாம். ரப்பர் ஹோசைக் கழற்றி, உள்ளே இருக்கிற அதன் வால்வைப் பூட்டி, வெளிப் பைப்பைத் திறந்தபடி விட வேண்டும். உறையாத வகைப் பைப் என்று காசு கொடுத்து வாங்கிப் பொருத்தியிருந்தாலும், ஹோஸ் மாட்டியபடி கிடந்தால் தண்ணீர் வடியாமல் அதுவும் வெடிக்கும்.

காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், இதை அழுத்தமாகச் சொல்கிறேன். கனடாவில் பல வீட்டுக் காப்புறுதிகளில் ஒரு நிபந்தனை இருக்கிறது: குளிர்காலத்தில் 4 நாளுக்கு மேல் வீட்டில் ஆளில்லை என்றால், ஒருவர் நாளாந்தம் வந்து வீடு சூடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரைப் பூட்டி வடித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உறைந்து வெடித்ததற்கு இழப்பீடு தரமாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு இடமுண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் சொற்கள் மாறும், அதனால் தரகரிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொண்டு விமானம் ஏறட்டும். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஆளிருந்தால் திறப்பைக் கொடுத்து, வால்வு எங்கே என்பதையும் கையோடு காட்டிவிட வேண்டும்.

இனி வாங்குகிற சாமான். நுரை உறை மலிவு, வாங்கலாம், ஆனால் அது சூடு தராது. இருக்கிற சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஹீற்றர் நின்ற வீட்டில் அந்த உறை இருந்தும் பிரயோசனமில்லை. குழாயின் விட்டத்தை அளந்து வாங்க வேண்டும், தொளதொளவென்று கிடந்தால் குளிர்காற்று உள்ளே போகும், மூலை முடக்குகளையும் விடாமல் மூட வேண்டும். சூடேற்றும் வயர் வெளிச்சுவரோடு ஒட்டிய, வேறு வழியில்லாத ஓரிரண்டு குழாய்க்கு மட்டும் போதும். மின்சாரப் பாதுகாப்பைச் சோதித்ததற்கு அடையாளமான சிஎஸ்ஏ அல்லது கனடாவுக்குரிய சியூஎல் (cUL) முத்திரை இல்லாததை, எவ்வளவு மலிவாக இணையத்தில் கிடைத்தாலும் வாங்க வேண்டாம், இது தீப்பிடிக்கக்கூடிய சாமான். குளிரைப் பார்த்துத் தானே ஏறி இறங்குகிற வகையை எடுக்கட்டும். வயரை அதன் மேலேயே குறுக்கே சுற்றக் கூடாது, எக்ஸ்டென்சன் வயரில் கொடுக்கக் கூடாது, ட்ரிப் சுவிச் உள்ள பிளக்கிலேயே கொடுக்க வேண்டும். இதையெல்லாம்விட, தரையில் தண்ணீர் பட்டதும் கைபேசிக்கு அறிவிக்கிற சின்னக் கருவி ஒன்றும், வீட்டு வெப்பம் குறைந்தால் எச்சரிக்கிறது ஒன்றும் வாங்கினால் பரந்தனில் இருந்தே அண்ணனுக்குத் தெரியவரும். என்னிடம் கேட்டால் காசைப் போட வேண்டியது அதில்தான்.

உறைந்துவிட்டால்? நான் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த முதல் குளிர்காலத்தில் ஒரு காலை குசினிப் பைப்பைத் திறந்தேன். உஸ்ஸென்று ஒரு மூச்சுச் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. தொட்டிக்குக் கீழே அலுமாரிக் கதவைத் திறந்தால் செப்புக் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாகப் பனி பூத்திருந்தது, விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் தீச்சுடர் காட்டுகிற கருவியோடு இறங்கி வந்தார். நல்லவேளை அவருடைய மனைவி தடுத்தார், அந்தக் குழாய்க்குப் பின்னால் இருந்தது பலகைச் சுவர். ஒருபோதும் நெருப்பைக் காட்டக் கூடாது. உறைந்த குழாய் பத்திரமாக இளகும், பற்றின சுவர் அணையாது. பைப்பைத் திறந்தே விட்டுவிட்டு ஹெயார் டிரையரை எடுத்தோம். பைப் இருக்கிற முனையிலிருந்து தொடங்கி அடைத்த இடத்தை நோக்கி மெல்ல மெல்லப் போக வேண்டும், நடுவில் தொடங்கினால் உருகிய தண்ணீருக்கும் நீராவிக்கும் வெளியே போக வழியிராது. ஒன்றரை மணித்தியாலம் மாறி மாறிப் பிடித்தோம். ஒரு கட்டத்தில் பைப் இருமியது, துப்பியது, சொட்டியது, பிறகு ஒழுங்காக வந்தது. டிரையர் இல்லாவிட்டால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துவாயைச் சுற்றலாம். ஈரத்தில் நின்று மின்சாரச் சாமானைப் பிடிக்க வேண்டாம். அலுமாரிக் கதவைத் திறந்து வீட்டுச் சூடு உள்ளே போக விட வேண்டும், போன மாசியில் அண்ணன் வீட்டில் நடந்ததற்கும் அனேகமாக அந்த மூடிய அலுமாரிதான் காரணமாக இருக்கும்.

இளக்கத் தொடங்குமுன் பிரதான வால்வுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள். குழாய் ஏற்கெனவே கிழிந்திருந்தால், பனிக்கட்டி உருகிய பிறகுதான் தண்ணீர் பீறும். வீட்டில் ஒரு பைப்பிலும் தண்ணீர் இல்லையென்றால் அடைப்பு தெருக் குழாயிலிருந்து வருகிற வழியில் இருக்கலாம், ரொறன்ரோவில் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழைக்கலாம். வெடித்தே விட்டால் துப்புரவு செய்யுமுன் படம் எடுத்து, கிழிந்த குழாய்த் துண்டை எறியாமல் காப்புறுதிக்காரருக்காக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: விசுவமடுவில் எங்கள் கிணற்று மோட்டரிலிருந்து தாங்கிக்குப் போகிற பிவிசி குழாய் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெடிக்கிறது. இங்கே குளிரும் இல்லை. கடைக்காரர் விலை கூடிய குழாயை எடுக்கச் சொல்கிறார்.

பதில்: விலை கூடியதை எடுத்தாலும் வெயிலில் போட்டால் அதுவும் போய்விடும். நேரடி வெயில் வருடக்கணக்காகப் பட்டால் பிவிசி நொறுங்குகிற தன்மைக்கு வரும், மோட்டர் போடும் நேரம் வருகிற அதிர்ச்சியில் ஏதோ ஒரு மூட்டில் கீறும். நிலத்தில் ஓடுகிற துண்டைப் புதைத்துவிடுங்கள், தாங்கிக்கு ஏறுகிற துண்டுக்கு வெளிர் நிற இமல்சன் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். வாங்கும்போது குழாயின் மேல் அச்சிட்ட எஸ்எல்எஸ் 147 என்ற இலங்கைத் தர இலக்கத்தைப் பாருங்கள், அழுத்தத்துக்குரிய வகையா என்றும் கேளுங்கள். வயர் இழுக்கிற மெல்லிய குழாயைத் தண்ணீருக்குப் போட்டுவிட்டு ஏமாறுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்து நிறம் மங்கிய குழாய் என்றால், குறைந்த விலைக்குத் தந்தாலும் எடுக்காதீர்கள்.