ஜன்னலோர வெயிலில் சூத்தைப் பல் ஆறுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் வசிக்கிறோம். ஏழு வயது மகளுக்குப் புதிதாக முளைத்த நிரந்தரக் கடைவாய்ப் பல்லில் சூத்தை. இரத்தத்தில் விட்டமின் டி மில்லிலீற்றருக்கு 14 நானோகிராம். தினமும் காலை ஏழு மணிக்கு, மூடிய கண்ணாடி ஜன்னலோரம் வெயிலில் இருத்துகிறேன். பல் சரியாகுமா? இரண்டு வயது மகனையும் இருத்தலாமா?

பதில்: பல் சரியாகாது, அம்மா. அந்த ஜன்னல் வெயிலால் விட்டமின் டி கூடக் கிடைக்காது. தோலில் அதை உருவாக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஜன்னலைத் திறந்தாலும், ஏழு மணி வெயிலில் அந்தக் கதிர் மிகக் குறைவு. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமே உகந்தது. கொழும்பில் ஏறத்தாழ ஒன்பதரை முதல் பிற்பகல் மூன்று மணி வரை. கையும் காலும் வெளியே தெரியப் பத்துப் பதினைந்து நிமிடம் விளையாடட்டும். தோல் கருமையாக இருந்தால் சற்றுக் கூடுதலாக. தோல் சிவக்கும்வரை நிற்கவைக்க வேண்டாம். பாடசாலை இடைவேளையில் மைதானத்தில் ஓடினாலே பாதி வேலை முடிந்தது. சனிக்கிழமையையும் ரியூஷன் வகுப்புக்கே கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் என் மனக்குறை.

விட்டமின் டி குறைந்த பிள்ளைகளிடம் சூத்தை அதிகம் என்று ஆய்வுகள் சொல்வது உண்மைதான். உணவிலுள்ள கல்சியத்தையும் பொஸ்பேற்றையும் குடல் உறிஞ்சுவதற்கு அது வேண்டும். போதாவிட்டால் தாடைக்குள் உருவாகும் பல்லின் எனாமல், அதாவது கடினமான வெளிப்படை, நலிந்துபோகலாம். ஆனால் மகளின் அந்தப் பல்லுக்கு எனாமல் படிந்தது, பிறந்தது முதல் ஏறத்தாழ மூன்று வயது வரை. அதைக் கட்டிய கலங்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடும். குழி விழுந்த இடத்தை இனி எந்த வெயிலாலும் நிரப்ப முடியாது, பல் வைத்தியர்தான் அடைக்க வேண்டும். சூத்தையில்லாத மற்றக் கடைவாய்ப் பற்களின் பள்ளங்களை மூடிவிடலாமா என்றும் அப்போதே கேளுங்கள். பாடசாலையில் பற்சிகிச்சை நிலையம் இருந்தால் அங்கேயே காட்டலாம்.

மகனின் கதை வேறு. அவனுடைய நிரந்தரப் பற்கள் இப்போதுதான் தாடைக்குள் உருவாகின்றன. அவனுக்கு வெயிலும் உணவும் உண்மையிலேயே உதவும். சாளை, முட்டை மஞ்சட்கரு கொடுங்கள். நெத்தலியை முள்ளோடு நன்றாக மசித்துக் கொடுத்தால் கல்சியமும் சேரும். சீனி போட்ட பால்மாவைப் போத்தலில் கொடுத்து உறங்கவைக்கும் வழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். முளைத்த பல்லுக்கு விட்டமின் குறைவைவிடச் சீனிதான் பெரிய பகை. இருவருக்கும் குறைந்தது 1000 பிபிஎம் (பத்து இலட்சத்துக்கு ஆயிரம் பங்கு) புளோரைட் உள்ள பற்பசை வேண்டும்: மகனுக்கு அரிசிமணி அளவு, மகளுக்குப் பட்டாணி அளவு. இரவில் துலக்கியபின் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம்.

இரத்தத்தில் விட்டமின் டி 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றே கொள்வார்கள். ஆகவே 14 என்பதை வெயிலிடம் மட்டும் விடாமல் பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். இந்த வயதில் ஒரு நாள் தேவை 600 சர்வதேச அலகு; குறைபாட்டுக்கான அளவை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். பார்மசியில் நீங்களாகவே மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். இது உடலில் தேங்கும் விட்டமின். மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். சில மாதம் மருந்து கொடுத்தபின் இரத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்வார்.