ஞாயிறு காலை வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு இன்னொரு வருட கோச்சிங் மருந்தாகாது

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ, உயிரியல் பிரிவு. ஞாயிறுதோறும் நீட் கோச்சிங்கில் டெஸ்ட். சனி இரவு தூக்கம் கிடையாது. ஞாயிறு காலை சாப்பிட்டது உள்ளே நிற்பதில்லை. "பேப்பரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிடுதும்மா" என்று அழுகிறாள். தஞ்சாவூரில் இருக்கும் பெரியப்பா, ப்ளஸ் டூ முடிந்த கையோடு நாமக்கல்லில் விடுதியோடு ஒரு வருடம் ரிப்பீட்டர் வகுப்பில் சேர்த்துவிடலாம், நகையை வைத்தால் பணம் புரண்டுவிடும் என்கிறார். பயத்தை மட்டும் போக்க வழி கேட்கிறார் தாய். கடிதத்தின் கடைசியில் ஒரு குறையும் சொல்கிறார்: படிக்கிற நேரத்தில் மீன் விட்டிருக்கும் பண்ணைக்குட்டைக் கரையிலேயே நிற்கிறாளாம்.

அம்மா, பயத்துக்கு வழி இருக்கிறது. ஆனால் முதலில் நகையை வைக்காதீர்கள். நீட் தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போகும். வருடத்தில் ஒரே ஒரு நாள். இப்போது அவள் மேல் வாராவாரம் எழுதும் டெஸ்டின் பாரம் மட்டும்தான் இருக்கிறது, அதற்கே பிள்ளை வாந்தி எடுக்கிறாள். அடுத்த வருடம் அதே மேசையில் உங்கள் தாலிக்கொடியும், அப்பாவின் ஒரு போக விளைச்சலும், பெரியப்பாவின் வாக்கும் சேர்ந்து உட்காரும். தோற்றால் என்ன ஆகும் என்ற எண்ணம்தான் இந்த பயத்துக்குத் தீனி. பெரியப்பா சொல்லும் மருந்து நோயைக் கூட்டும்.

இது பயமா, படிக்காததா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரே பாடத்தில், ஒரே தரத்தில் 20 கேள்விகள் கொண்ட இரண்டு தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கடிகாரம் வைத்து 20 நிமிடத்தில் எழுதட்டும். மற்றதை வேறொரு நாள், நேரக்கணக்கே இல்லாமல், யாரும் பக்கத்தில் நிற்காமல் எழுதட்டும். நேரமில்லாத தாளில் 16 சரி, நேரம் வைத்ததில் 8 சரி என்று வந்தால் பாடம் தெரிகிறது, பதற்றமும் வேகமும்தான் சிக்கல். இரண்டிலும் 8 என்றால் மூச்சுப்பயிற்சியால் ஒரு மதிப்பெண்கூட ஏறாது. பாடத்தைத்தான் திரும்பப் படிக்க வேண்டும். ஒரு முறை போதாது, இரண்டு மூன்று பாடங்களில் செய்து பாருங்கள்.

தேர்வு பயத்தில் இரண்டு பகுதிகள் உண்டு என்று லீபெர்ட், மாரிஸ் என்ற உளவியலாளர்கள் 1967-லேயே பிரித்துக் காட்டினார்கள். ஒன்று உடம்பின் படபடப்பு, மற்றது மனதின் கவலை. கைநடுக்கமும் வயிற்றுப் பிரட்டலும் பார்க்கப் பெரிதாகத் தெரிந்தாலும், மதிப்பெண்ணைத் தின்பது பெரும்பாலும் கவலைதான். ஒரு கணக்கை முடிக்கும்வரை எண்களை மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்தச் சின்ன இடத்தில் "பெரியப்பா என்ன சொல்வார்" என்பது வந்து உட்கார்ந்துகொண்டால் எண்களுக்கு இடமில்லை. அவள் மறந்துபோனதாகச் சொல்வது இதைத்தான்.

அதனால் தேர்வுக்கு முன் பத்து நிமிடம், மனதில் ஓடும் பயத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். படபடப்புக்கு மூச்சு: நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும், ஐந்து முறை. இதைத் தேர்வன்று முதன்முதலாகச் செய்தால் பலிக்காது. மூன்று வாரம் தினமும் படிக்க உட்காரும்போது செய்து பழகியிருக்க வேண்டும். புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டுவிட்டு, மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது இதைவிடப் பெரிய மருந்து. தேர்வறையில் செய்யப்போவதும் அதே வேலைதானே. சாப்பாடு, தூக்கம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தூக்கமின்மையும் வாந்தியும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, "இருந்து என்ன பயன்" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ, அன்றே திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416, 104 என்ற உதவி எண்களில் எந்த நேரமும் பேசலாம்.

அடுத்து அந்த ஞாயிறு வினாத்தாள்களை வாங்கிப் பாருங்கள். பயம் எப்போதும் பிள்ளையிடமிருந்து மட்டும் வருவதில்லை, தாளிலிருந்தும் வரும். ஒரு பாடத்துக்கு எத்தனை மணி நேரம் நடத்தினார்களோ, அந்த விகிதத்தில்தான் கேள்விகள் இருக்க வேண்டும். பத்து மணி நேரம் நடத்திய பாடத்திலிருந்து இரண்டு கேள்வியும், ஒரு மணி நேரத்தில் ஓட்டிய பாடத்திலிருந்து எட்டும் வந்தால் அந்தத் தாள் எதையும் அளக்கவில்லை. பள்ளியில் தாள் தயாரிக்கும் ஆசிரியர் தானே உட்கார்ந்து எழுதிப் பார்த்து, தனக்கு ஆன நேரத்தைப் போல மூன்று மடங்காவது பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். முதல் ஐந்து கேள்விகள் எளிதாக இருக்க வேண்டும், கடினமானதை முதலில் வைத்தால் தெரிந்ததும் போய்விடும். "பின்வருவனவற்றுள் தவறல்லாதது எது அல்ல" என்ற மாதிரிக் கேள்விகள் தமிழைச் சோதிக்குமே தவிர விலங்கியலைச் சோதிக்காது. எதிர்மறையாகக் கேட்டே ஆக வேண்டுமென்றால் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும். மதிப்பெண்ணை வகுப்பில் ரேங்க் வரிசையில் வாசிப்பதை நிறுத்தும்படி நேரே போய்க் கேளுங்கள். மறுத்தால் பிள்ளையை நிறுத்திக்கொள்ளுங்கள், கட்டிய பணம் போனால் போகட்டும்.

இப்போது குட்டைக்கு வருகிறேன். முழங்கை வரை கையை நீரில் விட்டு உள்ளங்கை தெரிகிறதா என்று பார்க்கிறாள், கரும்பச்சையாக இருந்தால் அப்பாவைச் சாணம் போட வேண்டாம் என்கிறாள், மேகமூட்டமான நாளில் விடியுமுன் போய்க் கெண்டைகள் மேலே வந்து வாய் பிளக்கின்றனவா என்று பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அது படிப்பைக் கெடுக்கும் பழக்கமில்லை. நீரின் பச்சை அதிகமானால் பாசி இரவெல்லாம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், விடியற்காலையில்தான் அது மிகக் குறையும். இதைச் சொல்லிக்கொடுக்க நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. அந்தக் கல்லூரி உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், தலைஞாயிற்றில் இருக்கிறது.

பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012-ல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகத்தின் படிப்பு. தூத்துக்குடி, பொன்னேரியிலும் உண்டு. நீட் வேண்டாம், ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. எட்டு பருவங்கள். மீன் வளர்ப்பு, நோய், தீவனம், குஞ்சுப்பொரிப்பகம், பதப்படுத்தல், கடல் வளம், படகும் வலையும், பொருளாதாரம் என்று பாடங்கள் போகும். கடைசி வருடம் பெரும்பாலும் களத்தில்: கிராமத்தில் மீனவரோடும் வளர்ப்போரோடும், ஆலைகளில் பயிற்சியாக. தேர்வுகள் அங்கும் உண்டு. ஆனால் இடைத்தேர்வு, செய்முறை, பருவத்தேர்வு என்று பாரம் பிரிந்து கிடக்கும். ஒரு காலைப்பொழுது வாழ்க்கையைத் தீர்மானிக்காது.

வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வேதாரண்யம், சீர்காழிப் பக்கத்து இறால் பண்ணையில் வனாமி இறால் ஏறக்குறைய நான்கு மாத வளர்ப்பு. விடியுமுன் ஆக்சிஜன் அளக்க வேண்டும், லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓட வேண்டும். தீவனம் போட்டு இரண்டு மணி நேரத்தில் குளத்துக்குள் வைத்திருக்கும் சோதனைத் தட்டை (செக் ட்ரே) தூக்கிப் பார்த்து, மிச்சமிருந்தால் அடுத்த வேளை குறைக்க வேண்டும். மிஞ்சிய தீவனம் அழுகினால் அம்மோனியா, நீரின் காரத்தன்மை (pH) ஏறினால் அதே அம்மோனியா இன்னும் நஞ்சு. 1990-களின் நடுவில் இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது நம் கடற்கரையில் பண்ணை பண்ணையாகக் காலியானது. குஞ்சு வாங்கும்போதே பரிசோதிக்க ஆள் வேண்டும் என்பது அதில் கற்ற பாடம். மத்திய அரசின் கடல்பொருள் ஏற்றுமதி ஆணையத்தின் நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சீர்காழியில்தான் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. வழியாக மீன்வளத் துறையில் சார் ஆய்வாளர், ஆய்வாளர், உதவி இயக்குநர் பணிகள் உண்டு. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வையும் எழுதலாம். மேலே படிக்க மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசு அறிவிப்பு ஒவ்வொரு வருடமும் வராது. தனியார் பொரிப்பகத்தில் தொடக்கச் சம்பளம் குறைவு, இரவு வேலை உண்டு. பாடம் ஆங்கிலத்தில், தமிழ்வழிப் பிள்ளைக்கு முதல் பருவம் திணறும். "மீன் படிப்பா, வாடை அடிக்குமே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு நீங்கள் ஒரு விநாடிகூடத் தலையாட்டக் கூடாது, பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பாள்.

செலவில் உங்களுக்குப் பெரிய பிடிமானம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளென்றால் 2021 சட்டப்படி மீன்வளப் படிப்பிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு பொறுப்பு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆறாம் வகுப்பு முதலான படிப்புச் சான்றுகளை இப்போதே பள்ளியில் கேட்டு வாங்கி வையுங்கள். நீட் முடிவு வரட்டும் என்று காத்திருந்து விண்ணப்பத் தேதியைத் தவறவிடும் வீடுகள் அதிகம். ப்ளஸ் டூ தேர்வு முடிந்த நாளிலிருந்து பல்கலைக்கழக இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஆக, இனி உழைப்பு ப்ளஸ் டூ தாளுக்கு. அங்கே பத்து மணிக்கு வினாத்தாள் கொடுத்து, படிக்க மட்டும் பத்து நிமிடம் தருவார்கள். பதறும் பிள்ளைக்கு அது பெரிய கொடை. இயற்பியல், வேதியியலில் ஒன்பது இரண்டு மதிப்பெண் கேள்விகளில் ஆறு எழுதினால் போதும், மூன்று மதிப்பெண்ணிலும் அப்படியே. ஒவ்வொரு பகுதியிலும் ஒன்று மட்டும் கட்டாயக் கேள்வி. அந்தப் பத்து நிமிடத்தில் எந்த ஆறு என்று முடிவு செய்து, நன்றாகத் தெரிந்த கேள்வியிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும். ஞாயிறு டெஸ்டுக்குப் பதிலாக வீட்டில் பத்து மணிக்கு உட்காரவைத்து, இந்தப் பத்து நிமிடத்தோடு சேர்த்தே முழுத்தாளும் எழுதிப் பழகட்டும். திருத்துவது அவளே. மதிப்பெண்ணை நீங்கள் கேட்காதீர்கள், பெரியப்பாவும் போனில் கேட்கக் கூடாது.

அரையாண்டு விடுமுறைக்கு முன், கல்லூரி நடக்கும் ஒரு வேலைநாளில் அவளைத் தலைஞாயிற்றுக்கு அழைத்துப் போங்கள். குளங்களைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மூன்றாம் வருடப் பெண் ஒருத்தியிடம் அவளைத் தனியாகப் பேசவிட்டு, நீங்கள் வாசலில் காத்திருங்கள்.