ஆறடித் தொட்டிக்கு எந்த ஃபில்டர்?

கேள்வி: ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள மீன் தொட்டி வாங்கியிருக்கிறேன், இன்னும் தண்ணீர் நிரப்பவில்லை. நான்கு ஆஸ்கார் மீன்கள் வளர்க்க எண்ணம். மணிக்கு 3,000 லிட்டர் இறைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா) ஒன்றே போதும் என்கிறார் விற்பனையாளர். நண்பரோ சம்ப் (மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி; அதிலிருந்து பம்ப் தண்ணீரை மேலே அனுப்பும்) வைக்கச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் நண்பர் பக்கமே சாய்கிறேன். 24 கன அடி கொண்ட உங்கள் தொட்டி விளிம்புவரை சுமார் 680 லிட்டர் பிடிக்கும். மணலும் கல்லும் போக 600 லிட்டர் என்று கொள்ளலாம். மணிக்கு 3,000 லிட்டர் என்றால், தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு ஐந்து முறை ஃபில்டர் வழியே சுற்றுவதாகக் கணக்கு வருகிறது. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் உள்ளே ஸ்பாஞ்சோ செராமிக் வளையமோ இல்லாமல், தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமல் பார்த்தது. வீட்டில் அது கணிசமாகக் குறையும். ஸ்பாஞ்சில் அழுக்கு சேரச் சேர இன்னும் குறையும்.

அதைவிட முக்கியம், ஃபில்டருக்குள் எவ்வளவு வளையங்களும் ஸ்பாஞ்சும் கொள்ளும் என்பது. மீன் வெளியேற்றும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அவற்றின் மேல்தான் குடியிருக்கின்றன. ஓரடி வரை வளர்ந்து, தின்பதிலும் கழிப்பதிலும் குறை வைக்காத ஆஸ்காருக்கு, கேனிஸ்டரைவிடப் பல மடங்கு இடம் தரும் சம்ப்தான் ஈடுகொடுக்கும்.

சம்ப்புக்குத் தண்ணீர் இறங்க மீன் தொட்டியில் துளையிட வேண்டுமானால் தொட்டி காலியாக இருக்கும் இப்போதே இட வேண்டும். ஆனால் டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியில் துளையிட்டால் அது நொறுங்கிவிடும் என்பதால், எந்தப் பக்கம் எந்தக் கண்ணாடி என்று தொட்டி செய்தவரிடம் முதலில் கேளுங்கள். அடுத்தது மின்வெட்டு. பம்ப் நின்றதும், சம்ப்பிலிருந்து மேலே திரும்பும் குழாயின் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதுவரை தண்ணீர் கீழே இறங்கிவிடும். உங்கள் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே 28 லிட்டர். குழாய் வாய் இரண்டு அங்குலம் மூழ்கியிருந்தால் 56 லிட்டர். அதற்குச் சம்ப்பில் காலியிடம் இல்லையென்றால் தரைக்குத்தான் வரும். ஒருவழி வால்வு காக்கும் என்று நம்பி, அதில் ஒரு குட்டி நத்தை சிக்கிக்கொண்டதால் நள்ளிரவில் தரை துடைத்தவன் நான். மீன் விடும் முன்பே பம்பை நிறுத்திப் பார்த்து, சம்ப்பில் தண்ணீர் இருக்க வேண்டிய உச்ச மட்டத்தைக் கோடிட்டு வையுங்கள்.

துளையிட வழியில்லையென்றால், பெரிய கேனிஸ்டர் ஒன்றுக்குப் பதிலாக நடுத்தரமானவை இரண்டு வாங்கி, மாற்றி மாற்றிக் கழுவுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவிப் போட்டேன். இரண்டே நாளில் தண்ணீர் பால்போல் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. ஏன்?

பதில்: குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின், அழுக்கோடு பாக்டீரியாக்களையும் கொன்றிருக்கும். உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கியதாக, மாற்றுங்கள். காற்று பம்பை ஓட விடுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம். அமோனியா அளவை நாள்தோறும் சோதித்து, ஏறினால் மீண்டும் தண்ணீரை மாற்றுங்கள். பாக்டீரியாக்கள் முழுமையாகப் பெருகச் சில வாரங்கள்கூட ஆகலாம். அடுத்த முறை தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று தடவை பிழிந்தால் போதும். அதன் பிறகும் அது பழுப்பாகத்தான் இருக்கும், அப்படியே மாட்டிவிடுங்கள்.