28 லட்சம் கடனில் எம்.எஸ்சி.யா? காரைக்குடித் தம்பிக்கு

தம்பி, காரைக்குடியில் பி.பி.எட். என்ற உடற்கல்வி ஆசிரியர் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்தில் விளையாட்டு அறிவியல் எம்.எஸ்சி.க்கு இடம் வாங்கியிருக்கிறீர்கள். 28 லட்சம் கடன் வாங்கினால் இரண்டு வருடத்தில் அடைக்க முடியுமா, எந்த ஊர் நல்லது, குளிருக்கு என்ன எடுத்து வரவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். குளிருடுப்பு இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், ஊர் எதுவானாலும் பழகிவிடும். கடனைப் பற்றித்தான் பேசவேண்டும்.

படிக்கும்போதே கோச்சிங் கொடுத்துக் கட்டணத்தில் பாதியை எடுத்துவிடலாம் என்று கன்சல்டன்சியில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மாணவர் விசாவில் கோச்சாக வேலை பார்க்கக் கூடாது என்பது விசா நிபந்தனையிலேயே இருக்கிறது. கடை, ஓட்டல், கிடங்கு என்று பார்க்கலாம், அதுவும் வாரம் 20 மணி நேரம்தான். மணிக்கு 12.71 பவுண்டு என்றால் மாதம் 1,100 பவுண்டு வரும், அது அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்குமே சரியாகப் போய்விடும். ஆள் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகத்திடமிருந்து கன்சல்டன்சிக்குக் கமிஷன் வருகிறது, உங்கள் தவணையை அவர்கள் கட்டப்போவதில்லை.

இப்போது தவணைக்கு வருவோம். வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் வருடமும் அதற்கடுத்த வருடமும் கட்டவேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும், இரண்டு வருடத்தில் அதுவே 6 லட்சத்தைத் தாண்டிவிடும். பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 47,000 ரூபாய். படிப்பு முடிந்து இங்கே தங்கி வேலை தேடத் தரும் விசாவோ, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். கடன் பத்து வருடம், விசா ஒன்றரை வருடம். அந்த விசாவில் முதல் வருடம் தவணை இல்லாமலே போய்விடும். அதற்குள் ஸ்பான்சர், அதாவது வேலை கொடுத்து விசாவுக்கும் பொறுப்பேற்கும் நிறுவனம், கிடைக்காவிட்டால் மீதி ஒன்பதரை வருடத் தவணையை ஊர்ச் சம்பளத்தில்தான் கட்டவேண்டும். நம் ஊர்த் தனியார் பள்ளிகளில் பி.டி. வாத்தியாருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஜிம் பயிற்றுநர், லைஃப்கார்டு வேலைகளுக்கு இப்போது ஸ்பான்சர் விசா கிடையாது. 2025 ஜூலையிலிருந்து பட்டப்படிப்புத் தரத்து வேலையாக இருக்கவேண்டும், பொதுவாக வருடம் 41,700 பவுண்டு சம்பளமும் வேண்டும். ஆசிரியர்களுக்கு அந்தச் சம்பள வரம்பு குறைவு, ஆனால் எம்.எஸ்சி. உங்களை ஆசிரியர் ஆக்காது. அதற்கு க்யூ.டி.எஸ். என்ற இங்கிலாந்து ஆசிரியர் தகுதி வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் நேரடியாக அதற்கு விண்ணப்பிக்க 2023இல் வழி திறந்தார்கள், ஆனால் கணிதம், அறிவியல், மொழிப் பாடங்களுக்கு மட்டும். உடற்கல்வி அதில் இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2010இல் தேவகோட்டையிலிருந்து வந்தேன். மொத்தச் செலவு 11 லட்சம். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் சொத்து ஈடு கேட்டார்கள். எங்கள் வீடு பார்க்கத்தான் அரண்மனை, பங்குதாரர்கள் 14 பேர், அத்தனை பேர் கையெழுத்துக்கும் எங்கே போவது? மீதிக்கு ஆத்தாவின் நகை போனது, சொந்தக்காரர் ஒருவரிடம் ஒன்றரை வட்டிக்குப் புரோநோட்டும் எழுதினோம். அந்த டிசம்பர் இங்கே நூறு வருடத்தில் இல்லாத குளிர். பனியில் வீடு வீடாக நோட்டீஸ் போட்டேன். பிறகு லைஃப்கார்டு பரீட்சைக்குப் போனேன், 50 மீட்டரை 60 விநாடிக்குள் நீந்தவேண்டும். ஊருணியில் பழகிய நீச்சல், முதல் தடவையே தேறினேன். ரக்பி, நெட்பால் விதிகளை எல்லாம் உட்கார்ந்து படித்து, நடுவராகவும் நின்றேன். இன்றைக்கு வரை அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் என்னைக் காப்பாற்றியது அது எதுவும் இல்லை. 2012 ஏப்ரலில் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவையே மூடிவிட்டார்கள், 2021இல்தான் திரும்ப வந்தது. அது மூடுவதற்குச் சில வாரம் முன்னால் நான் விண்ணப்பித்திருந்தேன், என்னோடு அறையில் இருந்த இரண்டு பேர் கடனோடு ஊர் திரும்பினார்கள். அதே வருடம்தான் நம் அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள், திரும்பிய இருவரில் ஒருவர் அந்த வேலையில் சேர்ந்தார். நான் பி.பி.எட்.டுக்கு முன் பி.எஸ்சி. கணிதம் படித்திருந்தேன். கணக்கு வாத்தியாருக்குப் பஞ்சமாக இருந்த ஒரு பள்ளி என்னை எடுத்து ஸ்பான்சரும் செய்தது. அங்கே இருந்துகொண்டே க்யூ.டி.எஸ். வாங்கினேன். ஆத்தாவின் நகையை 2016இல்தான் மீட்டேன்.

இங்கே இருக்கும் நம் ஆட்களிடம் கேட்டால் இதைச் சொல்லமாட்டார்கள். புதுக் கார் முன்னால் நின்று படம் போடுவார்கள், அந்தக் கார் தவணையில் வாங்கியது என்பதைச் சொல்லமாட்டார்கள். இன்னொரு வகை, தாங்கள் குடியுரிமை வாங்கியதும் வராதே வராதே என்று எல்லோரையும் விரட்டுவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

உங்கள் பட்டப்படிப்பு கணிதமோ இயற்பியலோ என்றால் கதையே வேறு, முதலில் அதைச் சொல்லுங்கள். இல்லையென்றால், வளைகுடாவில் இருக்கும் சிபிஎஸ்இ பள்ளிகளில் பி.பி.எட்.டையே வைத்து வேலை தேடலாம். என் வகுப்புத் தோழர் ஒருவர் மஸ்கட் போய் ஒரு ரூபாய் கடன் இல்லாமல் புதுவயலில் வீடு கட்டினார். இங்கிலாந்துதான் என்று முடிவு என்றால், க்யூ.டி.எஸ். சேர்ந்த பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பாகப் பாருங்கள். அப்புறம், அப்பாவின் பங்கு நிலத்தை மட்டும் இப்போதைக்கு ஈடு வைக்கவேண்டாம். ஆஃபர் லெட்டரில் படிப்பின் பெயர் என்ன போட்டிருக்கிறது, க்யூ.டி.எஸ். என்ற எழுத்துகள் எங்காவது இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள், டெபாசிட் கட்டுவதற்கு முன்னால்.