அந்த வம்புக்குள் முனிவர்

அன்புள்ள ஐயா,

கிரிப்டிக் குறுக்கெழுத்து எனக்குப் பிடிபடவே இல்லை. குறிப்பு ஒன்றைச் சொல்கிறது, விடை வேறெங்கோ இருக்கிறது. நேராகக் கேட்டுவிட்டுப் போகலாமே? பாதிக் கட்டம் காலியாக இருக்கும்போதே அலுத்துப்போய் விடையைப் பார்த்துவிடுகிறேன். ஏமாறுவதில் அப்படி என்ன சுவை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நேராகக் கேட்டால், தெரிந்தவர் எழுதுவார், தெரியாதவர் அகராதியைப் புரட்டுவார். அதோடு சரி. கிரிப்டிக் குறிப்பிலோ விடைக்குத் தேவையான எல்லாமே கண்முன் கிடக்கும். நான் அமைத்த ஒன்றைப் பாருங்கள்:

அந்த வம்புக்குள் முனிவர் செய்வது (3)

படித்ததும் மனம் ஒரு தகராறைக் கற்பனை செய்துகொள்கிறது. நடுவில் தாடியும் கமண்டலமுமாக ஒருவர். என்ன செய்வார்? சாபம் கொடுப்பார்! மூன்றெழுத்துதான், கட்டத்திலும் உட்காரும். ஆனால் 'அந்த வம்புக்குள்' என்பதற்கு வேலையே இல்லாமல் போகிறதே. கதையை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் பாருங்கள். 'அந்த வம்பு' என்பதற்குள் த, வ, ம் வரிசையாக நிற்கின்றன. தவம். முனிவர் செய்வதும் அதுதான். இரு சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டிப் படிக்கக் கண் பழகவில்லை, அவ்வளவுதான். அது புலப்படும் நொடியில் வரும் சிரிப்புக்காகவே நான் இதைப் போடுகிறேன்.

ஏமாற்று என்கிறீர்கள். அப்படி இல்லை. அஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த ஆங்கிலேயர் ஒருவர் 1949லேயே இதற்கு நெறி சொல்லிவிட்டார்: மேலோட்டமாகத் தோன்றும் பொருளைப் புதிர் அமைப்பவர் கருதியிருக்க வேண்டியதில்லை, ஆனால் கருதியதைச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல குறிப்பில் விடையின் பொருள் தொடக்கத்திலோ முடிவிலோ கட்டாயம் இருக்கும். மிச்சச் சொற்கள் அதே விடைக்கு இன்னொரு வழி காட்டும். இரண்டு வழியும் ஒரே இடத்தில் சேர்வதால், சரியா தவறா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கொடுமைக்காரர்கள் உண்டு, மறுக்கவில்லை. 1926 முதல் 'அப்சர்வர்' இதழில் புதிர் அமைத்த எட்வர்ட் மாதெர்ஸ், ஸ்பெயினில் மதவிசாரணை என்று மக்களை வதைத்த டார்க்கமாடாவின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டார். அவரிடம் போய் ஆரம்பிக்காதீர்கள்.

விடையைப் பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தச் சொல் பொருள், எது எழுத்தைத் தருகிறது, எது அதை என்ன செய்யச் சொல்கிறது என்று பிரித்துப் பாருங்கள். 'கலைந்து', 'குழம்பி' என்று வந்தால் எழுத்துகளை மாற்றிப் போட வேண்டும். 'உள்ளே' என்றால் தவம் போலத் தேட வேண்டும். அப்புறம் இவை தாமாகவே கண்ணில் படும். அலுப்பு வந்தால் மூடி வைத்துவிட்டு மறுநாள் எடுங்கள். முதல் வாசிப்பில் பிடித்துக்கொண்ட கதை அதற்குள் தளர்ந்திருக்கும்.

இன்னொன்று தருகிறேன். விடை சொல்லப்போவதில்லை, நீங்களே எழுதுங்கள்.

கற்பனையின் முதலோடு வித்தும் சேர்ந்தால் பாடல் (3)